தர்சு நகரத்துப் பவுல்

கி.பி. 57ஆம் ஆண்டையொட்டிய ஒரு நாள். எருசலேம் ஆலயத்தை அடுத்திருந்த உரோமப் படைக் கோட்டையின் படிக்கட்டிலே ஒரு மனிதர் நின்றார். ஆலய முற்றத்தில் மூண்ட கலகத்தில் மக்களிடம் அடியுண்டு, உரோம வீரர்களால் மீட்கப்பட்டுச் சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்தார் அவர். எகிப்திலிருந்து வந்த ஒரு கலகத் தலைவனே இவன் என்று படைத்தலைவன் எண்ணியிருந்தான். கைதியோ கிரேக்க மொழியிலே அவனிடம் பேசி, மக்களுக்குச் சில சொற் கூற அனுமதி வேண்டினார். படைத்தலைவன் வியப்புற்று இசைந்தான். பின்னர் அவர் கொதித்து நின்ற கூட்டத்தை நோக்கிக் கையமர்த்தி, அம்மக்கள் நாள்தோறும் வழங்கிய அரமேய மொழியிலே பேசத் தொடங்கினார். கூட்டம் அடங்கிற்று.

அவ்வமைதி நீடிக்கவில்லை. யூதரல்லாத மக்களிடம் செல்லுமாறு இறைவன் தம்மை ஏவினார் என்ற சொல் அவர் வாயினின்று வந்தவுடன் கூட்டம் மீண்டும் பொங்கியெழுந்தது. சவுக்கால் அடித்து விசாரிக்கும்படி ஆணை பிறந்தது. வாரினால் கட்டுண்ட நிலையில், தாம் உரோமக் குடியுரிமை உடையவர் என்பதை அவர் எடுத்துரைத்தார். கட்டியவர்கள் அஞ்சி விலகினர். பெரும்பொருள் கொடுத்து அவ்வுரிமையைப் பெற்றிருந்த படைத்தலைவன், கைதி அதனைப் பிறப்பிலேயே பெற்றவர் என்றறிந்து அச்சமுற்றான்.

இவரே பவுலடியார். தமிழ்க் கத்தோலிக்கர் இவரைச் சின்னப்பர் என நெடுங்காலம் வழங்கி வந்தனர். பவுல் என்னும் இலத்தீன் பெயருக்குச் சிறியவர் என்பது பொருளாகலின், அது நல்ல மொழிபெயர்ப்பே ஆகும். கிரேக்க மொழி, யூத மரபு, உரோமக் குடியுரிமை ஆகிய மூன்றும் ஒருவரிடம் எவ்வாறு வந்து சேர்ந்தன? சேர்ந்த பின் அவை அவரை எங்கே கொண்டு சென்றன? இவ்விரு வினாக்களுமே இன்றைய பேச்சின் பொருள்.

அவர் வாழ்க்கையை அறிய நமக்கு இருவகைச் சான்றுகள் உண்டு. ஒன்று, அவர் எழுதிய மடல்கள். புதிய ஏற்பாட்டில் 13 மடல்கள் அவர் பெயரால் வழங்குகின்றன. அவற்றுள் ஏழு அவருடையனவே என்பதில் ஆய்வாளரிடையே ஐயமில்லை. மற்றொன்று, லூக்கா எழுதியதாக மரபு கூறும் அப்போஸ்தலர் நடபடிகள். இது பவுலின் காலத்துக்குப் பின் எழுந்த நூல் என்பதே பெரும்பாலோர் கருத்து. நாம் மேலே கண்ட காட்சியும், அவரது குடியுரிமைச் செய்தியும், தர்சு அவரது ஊர் என்பதும் இந்நூலிலேயே காணப்படுகின்றன.

தர்சு, இன்றைய துருக்கி நாட்டின் தென்பகுதியிலுள்ளது. சிலிசியா மாநிலத்தின் தலைநகராய், சிட்னஸ் ஆற்றின் கரையில் அமைந்து, கடலுக்கும் மலைக்கணவாய்க்கும் இடையே வாணிக வழியைக் காத்து நின்றது. உரோமப் பேரறிஞர் சிசரோ கி.மு. 51இல் இம்மாநிலத்தின் ஆளுநராக வந்தார். கி.மு. 41இல் கிளியோபாத்ரா அரசி அந்தோனியைக் காண அணிசெய்த கலமேறி வந்ததும் இவ்வாற்றின் வழியேதான். கல்வி ஆர்வத்தில் இந்நகரத்தார் ஆதன்சையும் அலெக்சாந்திரியாவையும் விஞ்சினர் என்று புவியியல் அறிஞர் ஸ்டிராபோ எழுதியுள்ளார். அவரே மற்றொன்றும் சொல்கிறார்: தர்சு மக்கள் கல்வியை நிறைவு செய்ய வெளியூர் செல்வர், சென்றவருள் திரும்பி வருவோர் சிலரே. பிழைப்பையும் கல்வியையும் நாடி ஊர்விட்டு ஊர் வந்து வாழும் நேயர்களுக்கு இக்குறிப்பு புதிதாகத் தோன்றாது.

இத்தகைய நகரிலே, பாலஸ்தீனத்துக்கு வெளியே பரவி வாழ்ந்த யூதக் குடிகளுள் ஒன்றில் பவுல் பிறந்தார். அக்காலத்தில் அலெக்சாந்திரியா, அந்தியோகியா, உரோமாபுரி போன்ற பெருநகரங்களிலெல்லாம் யூதர் வாழ்ந்தனர். தொழுகைக்கூடம் அவர்களுக்கு வழிபாட்டிடமாகவும் ஊர்மன்றமாகவும் விளங்கியது. ஆண்டுதோறும் எருசலேம் ஆலயத்திற்கு அவர்கள் வரி அனுப்பினர். ஆயினும் வீட்டிலும் கடைத்தெருவிலும் அவர்களுட் பலர் பேசியது கிரேக்கமே. அவர்கள் பொருட்டு எபிரேய மறைநூல் கி.மு. மூன்றாம் நூற்றாண்டு முதற்கொண்டே கிரேக்கத்தில் பெயர்க்கப்படலாயிற்று. பவுல் தம் மடல்களில் மறைநூலை எடுத்தாளும்போது பெரும்பாலும் அம்மொழிபெயர்ப்பையே தழுவுகிறார்.

மொழி மாறினும் மரபு மாறவில்லை. தாம் பென்யமீன் குலத்தவர் என்றும், எட்டாம் நாளில் விருத்தசேதனம் பெற்றவர் என்றும், பரிசேயர் நெறியினர் என்றும் அவர் பெருமிதத்தோடு எழுதுகிறார். அக்குலத்திற் பிறந்த முதல் மன்னனின் பெயரான சவுல் என்பதே அவரது யூதப் பெயர். எருசலேமில் கமாலியேல் என்னும் பேராசானிடம் அவர் பயின்றார் என்று நடபடிகள் நூல் கூறும். கூடாரம் செய்வது அவரது கைத்தொழில். சிலிசியா நாட்டு ஆட்டு மயிர்த் துணி அந்நாட்டின் பெயராலேயே உரோமர் வழக்கில் புகழ்பெற்றிருந்தது. பவுல் வேலை செய்தது அத்துணியிலா, தோலிலா என்பதில் அறிஞரிடையே இரு கருத்துகள் உள. எதுவாயினும், பிறர்க்குச் சுமையாகாமல் இரவும் பகலும் தம் கைகளால் உழைத்ததை அவரே குறிப்பிடுகிறார்.

இயேசுவைப் பின்பற்றியோரைத் தொடக்கத்தில் அவர் கடுமையாகத் துன்புறுத்தினார். ஸ்தேவான் கல்லெறியுண்டு மாண்டபோது, கல்லெறிந்தோர் தம் மேலாடைகளைக் கழற்றி வைத்தது சவுல் என்னும் இளைஞரின் காலடியிலே. பின்பு, கி.பி. 33க்கும் 36க்கும் இடைப்பட்ட காலத்தில், தமஸ்கு நகர்ப்புறத்தே அவர் வாழ்வைத் திருப்பிய பெருநிகழ்ச்சி நேர்ந்தது. உயிர்த்தெழுந்த கிறிஸ்துவைத் தாம் கண்டதாக அவர் சாதிக்கிறார். துன்புறுத்தியவரே தூதரானார். சில காலத்துக்குப் பின் அந்நகரின் மதிற் சாளரத்தின் வழியே கூடையில் வைத்து இறக்கப்பட்டுத் தப்பிச் செல்லும் நிலை அவருக்கும் வந்தது.

அதன் பின்னர் அவர் வாழ்வு பெரும்பாலும் வழிநடையாயிற்று. உரோமர் அமைத்த சாலைகளும், வணிகர் செலுத்திய கலங்களும், எங்கும் புரிந்த கிரேக்க மொழியும் அவருக்குத் துணை நின்றன. பிலிப்பி, தெசலோனிக்கே, கொரிந்து, எபேசு என நகர் நகராகச் சென்றார். கொரிந்துவில், உரோமாபுரியினின்று வெளியேற்றப்பட்டு வந்திருந்த ஆக்கில்லா, பிரிஸ்கில்லா என்னும் யூதத் தம்பதியர் இல்லத்தில் தங்கினார். அவர்களும் கூடாரத் தொழிலினரே. அங்கே ஆளுநர் கல்லியோன் முன் அவர் நிறுத்தப்பட்டதாக நூல் கூறுகிறது. கிரேக்க நாட்டு டெல்பியில் கிடைத்த ஒரு கல்வெட்டு, கல்லியோனின் ஆட்சியை கி.பி. 51, 52 ஆகிய ஆண்டுகளையொட்டி வைக்க உதவுகிறது. பவுலின் வாழ்க்கைக் காலக்கணக்கிற்கு இதுவே உறுதியான அச்சாணி.

அவர் எதிர்கொண்ட தலையாய சிக்கல் ஒரு பந்தியைப் பற்றியது. யூதரல்லாதார் திருச்சபையில் சேர்ந்தால், அவர்கள் முதலில் விருத்தசேதனம் பெற்று யூத உணவு நெறிகளை ஏற்க வேண்டுமா? அந்தியோகியாவில் தலைமைத் தூதரான பேதுரு பிறவினத்தாரோடு உடனமர்ந்து உண்டு வந்தார். எருசலேமிலிருந்து சிலர் வரவே, அவர் அப்பந்தியினின்று விலகினார். பவுலின் நெடுநாள் தோழரான பர்னபாவும் அவ்வழியே சென்றார். பவுல் அனைவர் முன்னிலையிலும் பேதுருவைக் கண்டித்தார். கலாத்தியருக்கு எழுதிய மடலில் இதனை விவரிக்கும் அவர், அன்று வென்றவர் யார் என்பதை மட்டும் எழுதவில்லை.

ஆயினும் அவர் கொள்கையை ஒருபுறமாகக் காண்பது தவறு. பிறவினத்தார் யூதராக வேண்டுவதில்லை என்று வாதாடிய அவரே, யூதர் தம் அடையாளத்தை அழிக்க வேண்டுவதில்லை என்றும் கொரிந்தியருக்கு எழுதினார். உணவு நெறியில் வேறுபட்டோர் ஒருவரையொருவர் இகழாது ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பது உரோமருக்கு எழுதிய மடலின் அறிவுரை. ஒருவர் மற்றவராக மாறிய பின்னரே ஒரு பந்தியில் அமரலாம் என்ற நிபந்தனையைத்தான் அவர் மறுத்தார்.

இக்கருத்துக்கு அவர் கொடுத்த விலை பெரிது. பிறவினத்தாரின் சபைகளில் திரட்டிய நன்கொடையை எருசலேமின் ஏழைகளுக்கு வழங்கவே அவர் இறுதியாக அந்நகர் சென்றார். எபேசு நகரத்தானாகிய துரோப்பீமுவை அவருடன் கண்ட சிலர், அவனை ஆலயத்தின் உட்பகுதிக்குள் அவர் அழைத்துச் சென்றார் என்று நினைத்தனர். அதுவே கலகத்தின் காரணம். அன்று ஆலயத்துள் ஒரு தடுப்புச் சுவர் இருந்தது. அதனைக் கடக்கும் பிறவினத்தான் தன் சாவுக்குத் தானே பொறுப்பு என்று எச்சரிக்கும் கிரேக்கக் கல்வெட்டு ஒன்று 1871இல் எருசலேமில் கண்டெடுக்கப்பட்டது. அது இன்று இஸ்தான்புல் அருங்காட்சியகத்தில் உள்ளது. அயலாட்சியின் கீழ் வாழ்ந்த ஒரு மக்கள், தமக்கெஞ்சிய புனித இடத்தைக் காக்கத் துடித்ததை நாம் எளிதில் பழித்துவிடலாகாது. கி.பி. 70இல் உரோமர் அவ்வாலயத்தையே இடித்தழித்தனர்.

பவுல் இரண்டாண்டு செசரியாவில் சிறையிருந்தார். பின்பு, உரோமக் குடிமகன் என்ற உரிமையால் பேரரசனிடம் முறையிட்டார். அவரை ஏற்றிச் சென்ற கப்பல் மால்டா தீவருகே உடைந்தது. அதிலிருந்த 276 பேரும் உயிர்தப்பினர். உரோமாபுரியில் வாடகை வீட்டிலே காவலுடன் இரண்டாண்டு வாழ்ந்தார் என்பதோடு நடபடிகள் நூல் முடிகிறது. நீரோ மன்னன் காலத்தில் வாளால் வெட்டுண்டு மாண்டார் என்பது தொன்மையான மரபு. நகர மதிலுக்கு வெளியே, ஓஸ்தியா சாலையில் அவர் பெயரால் எழுந்த பெருங்கோயில் இன்றும் நிற்கிறது.

தர்சுவை விட்டுச் சென்றோர் திரும்புவது அரிது என்றார் ஸ்டிராபோ; பவுலும் அந்நகரில் நிலைத்து வாழவில்லை. கிரேக்கம் பேசினார்; உரோம உரிமையைக் கையாண்டார்; பிறவினத்தாரின் பந்தியில் அமர்ந்தார்; இறுதியில் வேற்றூரிலே மடிந்தார். எனினும் கோட்டைப் படிக்கட்டில், உயிர் ஊசலாடிய அந்நேரத்தில், நீ யார் என்ற வினாவுக்கு அவர் முதலில் கூறிய விடை உரோமக் குடியுரிமையைப் பற்றியதன்று. தாம் ஒரு யூதர், தர்சு நகரத்தார் என்பதே அவ்விடை.