கடனும் கையிருப்பும்

இத்தலாரில் கணக்குப் பாடம் புகட்டிய நாளில் தேயிலைத் தோட்டக்காரரையே நான் எடுத்துக்காட்டாகக் கூறுவதுண்டு. ஒருவர்க்குக் கடன் 50,000 ரூபாய். கையிலும் வங்கியிலும் 20,000. எஞ்சும் 30,000 ரூபாயே நிகரக் கடன். அது பெரிதா, சிறிதா என்பதை ஆண்டு வருவாயோடு ஒப்பிட்டே அறிதல் வேண்டும். பங்கு விற்று நடக்கும் பெருங்கம்பெனிக்கும் இதுவே அளவுகோல்.

இதனை மறந்தோர் பட்ட துயரை வரலாறு கூறும். சென்னையில் அர்பத்நாட் கம்பெனி என்னும் கூட்டு வாணிக நிறுவனம் பெரும்புகழ் பெற்றிருந்தது. கணக்கைப் பாராது, பெயரை நம்பியே பலர் பணம் போட்டனர். மக்கள் போட்ட பணம் கம்பெனிக்குக் கடனன்றோ? அதுவோ எளிதில் மீளாத முயற்சிகளில் முடங்கியது. 1906 அக்டோபரில் அதன் லண்டன் கூட்டு நிறுவனம் முறிந்தது. 22ஆம் நாள் அர்பத்நாட்டும் வீழ்ந்தது. எண்ணற்ற குடும்பங்கள் வாழ்நாள் சேமிப்பை இழந்தன. தலைவர் சர் ஜார்ஜ் அர்பத்நாட் சிறை சென்றார். அத்துயரினின்றே, வி. கிருஷ்ணசாமி ஐயர் முதலியோர் முயற்சியால் 1907இல் இந்தியன் வங்கி பிறந்தது.

மாணவர்களே, சொத்து வேறு, ரொக்கம் வேறு. கட்டடத்தின் உயரத்தைக் கண்டு மயங்காதீர்கள். ஐந்தொகையைக் கையிலெடுத்துக் கடன் எவ்வளவு, ரொக்கம் எவ்வளவு, வருவாய் எவ்வளவு என்று கேளுங்கள்.