தாழ்மையும் தாழ்வும்

தாழ்மை, தாழ்வு என்னும் இரு சொற்களும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. ஆயினும் முன்னது ஒருவர் தாமே விரும்பி மேற்கொள்வது. பின்னது பிறரால் ஒருவர்மீது சுமத்தப்படுவது. கிறித்தவ மறை போற்றுவது முன்னதையே. இயேசு பெருமான் தம் சீடர்களின் கால்களைக் கழுவியபோது, அவர்களுக்கு ஆசானாக இருந்துகொண்டே அதனைச் செய்தார். மேலிருப்பவர் கீழே இறங்குவதே அங்குத் தாழ்மை எனப்பட்டது. இறைவன் திருமுன் எல்லா மாந்தரும் ஒரே மதிப்பினர் என்னும் கொள்கையும் அதனோடு பிணைந்ததே. இக்கொள்கை தமிழ் மண்ணில் வந்து இறங்கியபின் என்ன ஆயிற்று என்பதை நம் இளைஞர்கள் அறிதல் வேண்டும்.

1706ஆம் ஆண்டு சீகன்பால்கு தரங்கம்பாடியில் கரையேறினார். நற்செய்தி நூல்கள் நான்கும் திருத்தூதர் பணிகளும் 1714இல் அங்கே தமிழில் அச்சேறின. அவ்வச்சுநூல் தஞ்சை மன்னரின் படையில் பணியாற்றிய ஒருவர் கைக்கு எட்டியது. அவர் பெயர் இராசநாயக்கர், பறையர் குலத்தினர், கத்தோலிக்கக் குடும்பத்தில் வந்தவர். அந்நூலை ஆழ்ந்து கற்ற அவர் தரங்கம்பாடிச் சபையை நாடிச் சென்றார். பின்னர்ப் படைத்தொழிலை விடுத்து, தஞ்சை நாட்டில் உபதேசியார் ஆனார். ஏச்சும் எதிர்ப்பும் அவரைத் தொடர்ந்தன. எனினும் அவர் உழைப்பால் சபைகள் பெருகின.

நாம் ஆண்டுக்கணக்கில் கற்பித்த வரலாற்றுப் பாடநூல்களில் சீகன்பால்கு பெயர் உண்டு. இராசநாயக்கர் பெயர் ஒருமுறையேனும் கண்டதில்லை. ஆகவே அவரைப்பற்றிச் சற்று விரித்தே சொல்லுகிறோம்.

1733இல் ஆரோன் என்னும் வேளாளர், சீர்திருத்தச் சபையின் முதல் இந்தியக் குருவாக ஏற்படுத்தப்பட்டார். அடுத்த குருவைத் தெரிந்தெடுக்கும் வேளை வந்தபோது இராசநாயக்கர் பெயரும் எண்ணிப் பார்க்கப்பட்டது. அவருடைய பக்தியிலோ, அறிவிலோ, உழைப்பிலோ மிஷனெரிமார் குறை காணவில்லை. பின் எது தடையாயிற்று? அவர் கையால் திருவிருந்து பெற மேற்குலக் கிறித்தவர் தயங்குவர் என்றும், அதனால் அத்திருவிருந்தின் மதிப்பே அவர்களிடம் குறைந்துபோகும் என்றும் அவர்கள் அஞ்சினர். 1741இல் குருப்பட்டம் தியாகு என்னும் வேளாளருக்கு அளிக்கப்பட்டது.

இங்கே நாம் நின்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். அப்பமும் இரசமும் எல்லாரையும் ஓருடலாக்கும் என்று போதித்தவர்களே, அவற்றை ஏந்தும் கையின் குலத்தைப் பார்த்தனர். மேற்குலத்தாரை நோக்கிச் சற்றே தாழுங்கள் என்று சொல்லும் துணிவு அவர்களுக்கு இல்லை. ஏற்கெனவே தாழ்த்தப்பட்டவரிடமே மேலும் பொறுமையை எதிர்பார்த்தனர். இராசநாயக்கரோ பணியைக் கைவிடவில்லை. 1771இல் மறையும்வரை உபதேசியாராகவே உழைத்தார். அவரிடம் விளங்கியது தாழ்மை. அவருக்கு இழைக்கப்பட்டதற்கு அப்பெயர் பொருந்தாது.

கத்தோலிக்கர் நிலையும் வேறாக இல்லை. உயர்குலத்தார்க்கு ஒருவகைக் குருக்களும், ஒடுக்கப்பட்டோர்க்குப் பண்டாரசாமிகளும் எனப் பதினேழாம் நூற்றாண்டிலேயே பிரிவு ஏற்பட்டிருந்தது.

1833இல் கல்கத்தாப் பேராயர் தானியேல் வில்சன் ஒரு சுற்றுமடல் விடுத்தார். சபைக்குள் சாதி வேறுபாடு உடனடியாகவும் முற்றாகவும் ஒழிய வேண்டும் என்பது அதன் கருத்து. திருவிருந்துக்கு வருவோர் குல வரிசை பாராமல் வரவேண்டும் என்றார். இம்மடல் படிக்கப்பட்டதும் சென்னை வேப்பேரியில் மேற்குலத்தார் பலர் சபையை விட்டே விலகினர். பெத்லகேம் குறவஞ்சி பாடிய தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரும் சாதி வழக்கங்களுக்குச் சார்பாகவே எழுதினார். அத்துணைப் பெரும் புலவரின் பக்தியை நாம் ஐயுறவில்லை. ஆனால் பக்தி ஒன்றே ஒருவரைச் சமத்துவத்திற்குக் கொண்டு சேர்த்துவிடாது என்பதற்கு அவரே சான்று. பின்னர், எல்லாக் குலத்தாரும் ஒன்றாக அமர்ந்து உண்ணும் உறவு விருந்துகள் நடத்தி, யார் சாதியைத் துறந்தார் என்று சோதித்தறியும் முறையைச் சில மிஷன்கள் கையாண்டன. ஆம், கோயிலில் ஒன்றாய்ப் பாடியவர்கள் சோற்றுப் பந்தியில்தான் பிடிபட்டனர்.

நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில் சாதிக்குக் கல்லால் உருவமே கொடுத்தார்கள். ஒரே பீடத்தை நோக்கி வந்து சேரும் இரண்டு நீண்ட மண்டபங்கள், ஒன்றில் வேளாளர் முதலியோர், மற்றொன்றில் நாடார் முதலியோர், இடையே சுவர். கால்சட்டையின் வடிவில் அமைந்த கோயில் என்று பேசப்பட்டது அது. 1910இல் கவுசானல் அடிகள் அப்பிரிவுச் சுவரை இடித்தார். சுவரை மீண்டும் எழுப்ப வேண்டும் என்று வேளாளர் தரப்பினர் தொடுத்த வழக்கு சென்னை உயர்நீதிமன்றம்வரை சென்றது, அவர்கள் தோற்றனர். திருமறை சொல்லியும் கேளாதவர்களுக்கு நீதிபதிகள் எடுத்துச் சொல்ல நேர்ந்தது.

இவற்றையெல்லாம் படிக்கும் இளைஞர் சிலர், இம்மறையால் நமக்கு என்ன பயன் என்று கேட்கக்கூடும். இராசநாயக்கர் கையில் எழுத்தை வைத்தது அந்த அச்சுநூலே. குலம் பாராது கல்வி தந்த பள்ளிகள் பல அவ்வழியில் எழுந்தவையே. கொள்கை தந்தவர்கள் அதன்படி ஒழுகத் தவறியதையும், அக்கொள்கையைக் கொண்டே நம் முன்னோர் அவர்களைக் கேள்வி கேட்டதையும் சேர்த்தே படித்தல் வேண்டும்.

2022ஆம் ஆண்டு ஆகஸ்டு 27ஆம் நாள் உரோமை நகரில், ஐதராபாத்துப் பேராயர் பூலா அந்தோணி கர்தினாலாக உயர்த்தப்பட்டார். தலித் மக்களிலிருந்து அப்பதவிக்கு வந்த முதல்வர் அவரே. சபை வேறு, ஊர் வேறு. ஆயினும் இராசநாயக்கரைக் கடந்து குருப்பட்டம் வேறொருவருக்குச் சென்ற அந்த ஆண்டிலிருந்து எண்ணினால், அன்றைக்கு 281 ஆண்டுகள் ஆகியிருந்தன.