சூளையும் ஆளும்

கொழும்பு – புத்தளம் வீதியிலிருந்து கற்பிட்டி வீதி பிரியும் இடம் பாலாவி. இவ்வூர் இருவகை உழைப்பை அறியும். ஒன்று, உப்பளத்து உழைப்பு: வெயிலை நம்பி நடப்பது, மாரி வந்தால் நின்றுபோவது. மற்றொன்று, சீமெந்துத் தொழிற்சாலையின் உழைப்பு. சீமெந்துச் சூளை 1,400 பாகைக்கு மேல் கனல்வது. நினைத்தபோது அணைத்து நினைத்தபோது மூட்ட இயலாதது. ஆகவே அது இரவும் பகலும் எரிகிறது. ஆயினும் அதன்முன் ஒரே மனிதன் இரவும் பகலும் நிற்பதில்லை. ஷிப்ட் முடிந்ததும் அவன் வீடு செல்கிறான்; வேறொருவன் வருகிறான். சூளை அணைவதில்லை, ஆள் மாறுகிறான்.

இந்த ஏற்பாட்டைத் தந்தது யார்? முதலாளியின் கருணையா? இயந்திரத்தின் இரக்கமா? இரண்டுமல்ல. எட்டு மணி நேர வேலைநாளுக்காக 1886இல் சிக்காகோத் தொழிலாளர் இரத்தம் சிந்தினர். 1919இல் சர்வதேசத் தொழில் தாபனத்தின் முதலாவது சமவாயம், ஆலைத் தொழிலுக்கு நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என வரம்பு கட்டியது. 1923இல் சென்னையிலே சிங்காரவேலர் மேதினம் கொண்டாடினார். அதே ஆண்டில் கொழும்பிலே ஏ. ஈ. குணசிங்காவின் தலைமையில் பொது வேலைநிறுத்தம் நடந்தது. 1954இல் இலங்கையின் கடை, காரியாலய ஊழியர் சட்டம், எழுதுகோல் பிடித்தவனுக்கும் நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 45 மணி என வரையறுத்தது.

இனி, குளிரூட்டிய அறையில் அமர்ந்திருக்கும் மென்பொருள் பொறியியலாளரைப் பார்ப்போம். அவர் காக்கும் கணினிகளும் சூளையைப் போல ஓய்வதில்லை. 2000ஆம் ஆண்டுத் திகதிக் குழப்பத்தைச் சீர்செய்யும் பணி இந்தியக் கம்பனிகளில் வந்து குவிந்த காலந்தொட்டு, அமெரிக்காவின் பகலுக்கு நம்மவரின் இரவு ஈடாயிற்று. ஒப்பந்தத்தை வெல்வதற்காக மேலிடம் நாட்களைக் குறைத்து வாக்களிக்கிறது. குறைந்த நாட்களை ஈடுசெய்வது பொறியியலாளரின் உறக்கம். நள்ளிரவிலே கணினி நின்றால் தொலைபேசி அவரையே எழுப்புகிறது. மறுநாட் காலைக் கூட்டத்திலும் அவரே பதில் சொல்ல வேண்டும். இங்கே சூளையும் அணைவதில்லை, ஆளும் மாறுவதில்லை. உயர்ந்த சம்பளம் இந்த உண்மையை மறைக்கிறது.

ஆனால் விழிப்பு பிறந்துவிட்டது. தகவல் தொழில்நுட்ப ஊழியரும் தொழிற்சங்கம் அமைக்கலாம் என்று 2016இல் தமிழ்நாடு அரசு தெளிவுபடுத்தியது. 2024இல் கர்நாடகத்திலே வேலைநாளை 14 மணிவரை நீட்டும் யோசனை எழுந்தபோது, அதனை எதிர்த்து வீதிக்கு வந்தவர்கள் அவ்வூழியர் சங்கத்தினரே.

ஆசிரியர்களே, மாணவர்களே! நம் வகுப்பறைகளிலிருந்தே அந்த அறைகளுக்கு இளைஞர் செல்கின்றனர். கணிதத்தோடு இந்த வரலாற்றையும் கற்பித்து அனுப்புவோம். பாலாவியின் சூளைத் தொழிலாளிக்கு உள்ள ஷிப்ட் முடியும் உரிமை, படித்த நம் பிள்ளைகளுக்கும் உரியதே. அதைச் சங்கமாகச் சேர்ந்தே பெறவேண்டும்.