ஈயின் தலையும் ஏலச் சந்தையும்: காய்கறியில் பூச்சிமருந்தைக் கண்டுபிடிக்கும் மலிவான டெஸ்ட்டின் கதை

"டாக்டர், காய்கறியில பூச்சிமருந்து இருக்கான்னு வீட்டுலயே பாக்குற கிட் ஆன்லைன்ல வருதே, வாங்கலாமா?" அடிக்கடி வர்ற கேள்வி. ஒரு வரியில பதில் சொல்லிடலாம். ஆனா இந்த டெஸ்ட்டுக்குப் பின்னாடி ஒரு நல்ல வரலாறு இருக்கு. அது தெரிஞ்சா பதில் உங்களுக்கே வந்துடும். கொஞ்சம் நீளமான இழை, பொறுமையா படிங்க மக்களே.

1958-ல் இருந்து ஆரம்பிக்கலாம். அந்த வருஷம் ஏப்ரல், மே மாதங்களில் கேரளத்திலும் அன்றைய மதராஸ் மாநிலத்திலும் சாப்பாட்டில் பூச்சிமருந்து கலந்து பலர் இறந்தார்கள். கேரளத்தில் மட்டும் 100 பேருக்கு மேல். கோதுமை மாவில் பாரத்தியான் என்ற மருந்து கலந்திருந்தது. மத்திய அரசு விசாரணைக் கமிஷன் போட்டது. இன்றைக்கும் நாம் வைத்திருக்கும் பூச்சிக்கொல்லிச் சட்டம் அதற்கப்புறம்தான், 1968-ல் வந்தது. பத்து வருஷம்! நம்ம ஊர் வேகம்.

பாரத்தியான் யார் வேலை? ஜெர்மனியின் கெர்ஹார்ட் ஷ்ராடர். 1936-ல் பூச்சிக்கு மருந்து தேடப் போய் டாபுன் என்ற நரம்பு வாயுவைக் கண்டுபிடித்தவர். 1940-களில் அதே ரசாயனக் குடும்பத்தில் இருந்து பாரத்தியானைத் தயாரித்தார். குடும்பப் பெயர் ஆர்கனோபாஸ்பேட்.

இந்தக் குடும்பம் உடம்புக்குள்ள என்ன பண்ணும்? நம் நரம்புகள் பேசிக்கொள்ளும் மொழிகளில் ஒன்று அசிடைல்கோலின். சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்ததும் அதை உடைத்துத் துடைக்க ஒரு நொதி இருக்கிறது: அசிடைல்கோலினெஸ்டரேஸ். ஆர்கனோபாஸ்பேட் போய் அந்த நொதி மேல் உட்கார்ந்துகொள்ளும். துடைக்க ஆள் இல்லை. கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கும், எச்சில் வழியும், வியர்வை கொட்டும், நுரையீரல் நீரால் நிறையும். எமர்ஜென்சியில் வேலை பார்த்த எந்த டாக்டருக்கும் இந்தக் காட்சி புதுசு இல்லை. அட்ரோபின் ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு விடிய விடிய உட்கார்ந்திருப்போம்.

இங்கதான் ஒரு அழகான யோசனை. விஷம் எந்த நொதியை அடிக்குதோ, அதே நொதியை வெச்சு விஷத்தைப் பிடிச்சா என்ன?

1961-ல் ஜார்ஜ் எல்மன் குழுவினர் இந்த நொதி எவ்வளவு வேலை செய்கிறது என்று நிறத்தை வைத்து அளக்கும் முறையை வெளியிட்டார்கள். நொதி ஒழுங்காக வேலை செய்தால் கரைசல் மஞ்சளாகும். தடுக்கப்பட்டிருந்தால் மஞ்சள் குறையும். அவ்வளவுதான். கோடி ரூபாய் மெஷின் வேண்டாம், நிறத்தின் அடர்த்தியை அளக்கும் ஒரு சின்னக் கருவி போதும்.

இதைச் சந்தைக்குக் கொண்டு போனதில் தைவானுக்குப் பெரிய பங்கு உண்டு. கீரை, காய்கறியெல்லாம் அறுத்த அடுத்த நாளே வயிற்றுக்குள் போய்விடும் ஊர். மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பினால் ரிசல்ட் வர நாளாகும். அதற்குள் கீரை ஜீரணமே ஆகியிருக்கும். பிரேதப் பரிசோதனை மாதிரிதான்.

1980-களின் நடுவில் தைவான் வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் ஒரு துரித டெஸ்ட்டை உருவாக்கினார்கள். நொதிக்கு எங்கே போவது? வீட்டு ஈ! அதன் தலையில் இந்த நொதி ஏராளம். ஈயை உறைய வைத்துக் குலுக்கினால் தலை தனியாகக் கழன்று விழும், சல்லடையில் பிரித்துவிடலாம். ஈயைக் கொல்ல செஞ்ச மருந்தை ஈயோட தலையை வெச்சே பிடிக்கிறாங்க பாருங்க.

ஆனா என்னைப் பொறுத்தவரை அவங்க புத்திசாலித்தனம் ஈயில் இல்லை, டெஸ்ட்டை எங்கே வைத்தார்கள் என்பதில் இருக்கிறது. விவசாயிகள் கூட்டுறவுச் சங்கத்திலும் மொத்தச் சந்தையிலும் வைத்தார்கள். தைபேயில் ஏலம் விடியற்காலையில். சரக்கு இரவில் வந்து இறங்கும்போதே மாதிரி எடுத்து, ஏலத்துக்கு முன்னாடியே ரிசல்ட். தேறாத சரக்கு ஏலத்துக்குப் போகாது. சங்கத்திலேயே அறுவடைக்கு முன் சோதித்தால் இன்னும் நல்லது: "இன்னும் சில நாள் கழிச்சு அறுங்க" என்று சொல்லிவிடலாம். மருந்து வெயிலில் சிதைந்து குறைய நேரம் கிடைக்கும், விவசாயிக்கும் நஷ்டம் இல்லை.

சீனா 2003-ல் இதே நொதி முறையைத் தேசியத் தரமாகவே வெளியிட்டது. நொதியின் வேலை 50% அல்லது அதற்கு மேல் தடுக்கப்பட்டால் சந்தேகச் சரக்கு. அதிலேயே அட்டை வடிவமும் உண்டு: சாற்றை விட்டு, காத்திருந்து, மடித்துப் பிடித்தால் நீலமாக வேண்டும். நீலம் வரவில்லை என்றால் பிரச்சினை. ஆன்லைனில் நீங்கள் பார்க்கும் கிட் பெரும்பாலும் இந்த அட்டையின் சொந்தக்காரன்தான்.

அதே 2003-ல் இன்னொரு பக்கம் அனஸ்தாசியாடெஸ், லெஹோடே குழுவினர் 'கெச்சர்ஸ்' என்ற முறையை வெளியிட்டார்கள். அரைத்த காயில் அசிட்டோநைட்ரைல், கொஞ்சம் உப்பு போட்டுக் குலுக்கி, சுழற்றிப் பிரித்து, மேலே நிற்பதை எடுத்துக்கொள்வது. ஒருத்தரே அரை மணி நேரத்தில் 6 மாதிரிகளைத் தயார் செய்யலாம், ஒரு மாதிரிக்குப் பொருள் செலவு சுமார் 1 டாலர். உலகம் முழுக்க ஆய்வகங்கள் இதற்கு மாறின. ஆனா விலை குறைஞ்சது வாசல் வரைக்கும்தான். உள்ளே இருக்கும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் இன்னமும் கோடிக் கணக்கு.

சரி, கிட்டுக்கு வருவோம். அதுக்குக் கண் தெரியாத இடங்கள் நிறைய.

ஒண்ணு, நொதியைத் தடுக்கும் மருந்துகளை மட்டும்தான் அது பார்க்கும். அதாவது ஆர்கனோபாஸ்பேட், கார்பமேட். பைரித்ராய்டு, இமிடாகுளோபிரிட் வகையறா, பெரும்பாலான பூஞ்சைக்கொல்லிகள் எதுவும் தெரியாது. இன்றைய வயலில் இவையெல்லாம் சகஜம். தைவான்காரர்கள் சில பூஞ்சைக்கொல்லிகளுக்காகத் தனியாக ஒரு பாக்டீரியா டெஸ்ட்டையே சேர்க்க வேண்டியிருந்தது.

அடுத்தது கொஞ்சம் நுணுக்கம். பாரத்தியான், குளோர்பைரிபாஸ் எல்லாம் அப்படியே இருந்தால் நொதியை அவ்வளவாகத் தடுக்காது. நம் கல்லீரல்தான் அதை முழு விஷமாக மாற்றுகிறது. டெஸ்ட்டில் கல்லீரல் இல்லை. அதனால் புரோமின் நீர் போன்ற ஒன்றைச் சேர்த்து மாற்ற வேண்டும். அட்டையில் அந்தப் படி இல்லையென்றால் சில மருந்து கண்ணில் படாமலே போகும்.

அப்புறம் வெங்காயம், பூண்டு, முள்ளங்கி, கொத்தமல்லி. இவற்றின் சாறே நொதியைக் குழப்பும். இயற்கை விவசாயக் கொத்தமல்லியை அரைத்துச் சோதித்தாலும் "விஷம்"னு காட்டலாம். அடுத்த நிமிஷம் குடும்ப வாட்ஸப் குரூப்பில் வீடியோ வரும்.

டெஸ்ட்டை வளர்த்த தைவானே சமீப ஆண்டுகளில் தன் சந்தைகளில் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் வைத்த துரித சோதனைக்கு நகர்ந்து வருகிறது. காரணம் மேலே சொன்னதுதான். மருந்துகள் மாறிவிட்டன, ஈயின் தலை மாறவில்லை.

அப்போ வாங்கலாமா? வீட்டுக்கு வேண்டாம் என்பேன். அட்டை நீலமானால் "இந்த இரண்டு குடும்பம் அதிகமாக இல்லை" என்றுதான் அர்த்தம், "மருந்தே இல்லை" என்று அல்ல. நீலமாகாவிட்டால் காசு கொடுத்து வாங்கிய அரை கிலோ கத்தரிக்காயைக் குப்பையில் போடுவீர்கள், அதே மூட்டையின் மீதி பக்கத்துத் தெருவில் வித்துக்கிட்டிருக்கும். காயை ஓடுற தண்ணியில் தேய்ச்சுக் கழுவுங்க, தோல் சீவ முடிஞ்சதைச் சீவுங்க. மேற்பரப்பில் இருப்பது குறையும், உள்ளே போனது போகாது.

கோயம்பேடு மாதிரி மொத்தச் சந்தையிலோ உழவர் சந்தையிலோ, சரக்கை நிறுத்தும் அதிகாரம் உள்ள ஒருத்தர் கையில் இதே அட்டை இருந்தால் என் பதில் வேற.