டில்லியில் புகை பார்க்கும் கலை

டில்லியின் வடபுறத்து மதில் வாயிலான காஷ்மீரி கேட், 1857 செப்டம்பர் 14ஆம் தேதி ஆங்கிலப் படையினர் வெடிமருந்து வைத்துத் தகர்த்து நகருக்குள் புகுந்த இடம் என்ற முறையில் சரித்திரம் படித்தவர்களுக்குப் பரிச்சயமானது. லாரியும் டெம்போவும் வைத்துப் பிழைப்பவர்களுக்கோ அந்தப் பெயர் வேறொரு காரணத்தால் பிரசித்தம். 1947இல் தேசம் பிளவுபட்டு, மேற்குப் பஞ்சாபிலிருந்து உடைமைகளை இழந்து வந்த குடும்பங்கள் டில்லியில் கிடைத்த இடத்தில் கிடைத்த தொழிலைத் தொடங்கிய காலத்தில், அந்த வாயிலைச் சுற்றிய வீதிகளில் மோட்டார் உதிரிப் பாகக் கடைகள் ஒன்றையடுத்து ஒன்றாகத் தோன்றி, நாளடைவில் ஆசியாவின் பெரிய மோட்டார் சந்தைகளுள் ஒன்று என்று பெயர் வாங்கும் அளவுக்குப் பெருகின. கடைகளை ஒட்டிப் பட்டறைகள் வந்தன. பட்டறைகளில் ஒரு கலை வளர்ந்தது. இஞ்சினைத் திறப்பதற்கு முன்பே, குழாய் வழியே வரும் புகையின் நிறத்தையும் மணத்தையும் அது வரும் தருணத்தையும் கொண்டு, உள்ளே இருக்கும் கோளாறு இன்னதென்று நிச்சயிக்கும் கலை அது. டில்லியின் காற்றைப் பற்றி எத்தனையோ அறிக்கைகளும் தீர்ப்புகளும் எழுதப்பட்டிருக்கின்றன. அந்தப் புகையைப் படிக்கக் கற்ற மிஸ்திரிகளைப் பற்றி எழுதப்பட்டது சொற்பம். அந்தக் குறையைச் சிறிதளவேனும் நிரப்புவதே இக்கட்டுரையின் நோக்கம்.

சுதந்திரம் வந்த காலத்தில் நம் சாலைகளில் ஓடிய லாரிகளிற் பெரும்பாலானவை பெட்ரோலில் ஓடியவை. 1954இல் டெல்கோ நிறுவனம் ஜெர்மனியின் டைம்லர்-பென்ஸ் கூட்டுறவோடு ஜாம்ஷெட்பூரில் டீசல் லாரிகளைக் கட்டத் தொடங்கியதும், அதற்கடுத்த ஆண்டு சென்னை எண்ணூரில் இருந்த அசோக் மோட்டார்ஸ் அசோக் லேலண்டாக மாறியதும், சரக்குப் போக்குவரத்தின் போக்கையே மாற்றிவிட்டன. 1951இல் பெங்களூரில் தோன்றிய மைக்கோ நிறுவனம் டீசல் பம்புகளையும் நாசில்களையும் இங்கேயே செய்து தர, பட்டறைத் தொழிலும் இரண்டாகக் கிளைத்தது. இஞ்சினைப் பிரித்துச் சேர்ப்பவர் ஒருவர். பம்பையும் நாசிலையும் சோதனை மேடையில் ஏற்றி அளவு பிடிப்பவர் மற்றொருவர். புகை விடும் வண்டி வந்தால், அது இவ்விருவரில் யாரிடம் போக வேண்டும் என்பதே முதல் கேள்வி. அதற்கு விடை சொல்லத் தெரிந்தவரையே உஸ்தாத் என்று அழைத்தார்கள்.

டீசல் இஞ்சினில் தீப்பொறி கிடையாது. உள்ளே இழுத்த காற்றை இறுக்கி அழுத்தும்போது உண்டாகும் வெப்பமே தெளிக்கப்பட்ட எண்ணெயைப் பற்ற வைக்கிறது. ஆகையால் காற்று, எண்ணெய், அழுத்தம் ஆகிய மூன்றில் எது பிசகினாலும் அது புகையாக வெளியே தெரிந்துவிடும். காற்றுக்கு மிஞ்சி எண்ணெய் விழுந்தால் கரும்புகை வரும்; ஏர் பில்டர் அடைத்திருக்கலாம், நாசில் தேய்ந்திருக்கலாம், பம்பில் அளவு கூடியிருக்கலாம், வண்டியில் பாரம் மிகுந்திருக்கலாம். விழுந்த எண்ணெய் எரியாமலே வெளியேறினால் வெண்புகை வரும். டில்லியின் ஜனவரி விடியற்காலைக் குளிரில் எந்த வண்டியும் சற்று நேரம் அப்படி விடும் என்றாலும், இஞ்சின் சூடேறிய பிறகும் அது நிற்காவிட்டால், டைமிங் பிந்தியிருக்கிறது, அழுத்தம் குறைந்திருக்கிறது அல்லது ஹெட் கேஸ்கட் வழியே ரேடியேட்டர் தண்ணீர் உள்ளே கசிகிறது என்று கொள்ள வேண்டும். நீலப்புகை வந்தால், எரிவது டீசலன்று, இஞ்சின் ஆயில். நாடி பார்க்கும் வைத்தியர் வாத பித்த சிலேத்துமங்களைப் பிரித்தறிவது போல, மிஸ்திரி இந்த மூன்று நிறங்களையும் பிரித்தறிந்தார். ஒரு நிறத்துக்குள்ளேயே பல காரணங்கள் ஒளிந்திருக்கும் என்பதையும் அவர் அறிந்திருந்தார்.

இந்தக் கலைக்கு ஏராளமான வேலை கொடுத்தவை சிறு லாரிகள். 1980களில் ஜப்பானியக் கூட்டுறவோடு டி.சி.எம். டொயோட்டா, ஸ்வராஜ் மாஸ்டா, ஐஷர் மிட்சுபிஷி, ஆல்வின் நிஸ்ஸான் என்ற நான்கு வகை வண்டிகள் வந்தன. அவற்றுள் முதலாவது டில்லி கிளாத் மில்ஸ் என்ற தலைநகரத்து நிறுவனத்தின் பெயரைத் தாங்கி வந்தது. அந்த வகைச் சிறு லாரி எதுவாயினும் அதை டி.சி.எம். என்றே சொல்லும் வழக்கம் வட இந்தியாவில் இன்றும் இருக்கிறது. டாடாவின் 407 லாரி 1986இலும், 207 பிக்கப் அதற்குப் பின்னரும் வந்து சேர்ந்தன. ஆசாத்பூர் மண்டியிலிருந்து காலனிகளுக்குக் காய்கறியும் பழமும் சுமந்து, ஒவ்வொரு சிக்னலிலும் நின்று நின்று கிளம்பிப் பகலெல்லாம் உழன்ற இவ்வண்டிகளுக்குச் சிகிச்சை செய்யும் பட்டறைகள், வடக்கே கர்னால் சாலையை ஒட்டிய சஞ்சய் காந்தி டிரான்ஸ்போர்ட் நகரில் வரிசை வரிசையாக அமைந்தன.

இதற்கிடையில் புகை, பட்டறையை விட்டு நீதிமன்றத்துக்குச் சென்றது. வழக்கறிஞர் எம்.சி. மேத்தா 1985இல் தொடுத்த பொதுநல வழக்கு உச்ச நீதிமன்றத்தில் ஆண்டுக்கணக்கில் நடந்தது. 1996இல் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் வாகனப் புகையைப் பற்றி வெளியிட்ட அறிக்கை பொதுமக்களின் மனச்சாட்சியைத் தொட்டது. 1998 ஜூலையில் நீதிமன்றம், டில்லியின் பேருந்துகள் அனைத்தும் இயற்கை எரிவாயுவுக்கு மாற வேண்டும் என்றும், 15 ஆண்டு கடந்த வணிக வாகனங்கள் நகரில் ஓடக் கூடாது என்றும் உத்தரவிட்டது. பல தவணைகளுக்கும் தகராறுகளுக்கும் பிறகு 2002 ஏப்ரல் 5ஆம் தேதி வந்த கண்டிப்பான தீர்ப்பு அந்தப் பேருந்து மாற்றத்தை முடித்து வைத்தது. டீசலும் சுத்திகரிக்கப்பட்டது. 2000ஆம் ஆண்டு டில்லி டீசலில் பத்து லட்சத்துக்கு 500 பங்கு வரை இருக்கலாம் என்ற கந்தகம், 2010இல் 50 பங்காகவும் 2018இல் 10 பங்காகவும் இறங்கியது. இவை மகத்தான காரியங்கள். கோடிக்கணக்கான சுவாசப் பைகள் இவற்றால் பயனடைந்தன. ஆயினும், எண்ணெய் சுத்தமாக இருந்தும், வண்டி இளமையாக இருந்தும் புகை வருவது ஏன் என்ற கேள்வி பட்டறை வாசலிலேயே நின்றது. 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகள், ஆக்ஸிலேட்டரை முழுதும் மிதித்துச் சோதிக்கையில் டீசல் புகையின் அடர்த்தி 65 ஹார்ட்ரிட்ஜ் அலகைத் தாண்டலாகாது என்று வரம்பு கட்டின. அந்த அடர்த்தியை அளக்கும் கருவி புகையின் அளவைச் சொல்லும். புகையின் காரணத்தைச் சொல்ல அதற்குச் சக்தி இல்லை.

இந்தக் கட்டத்தில்தான் டர்போ வந்தது. ஆல்பிரட் பூஷி என்ற சுவிட்சர்லாந்து நாட்டு இஞ்சினீயர் 1905இல் காப்புரிமை பெற்ற தத்துவம் அது. வீணாக வெளியேறும் புகையின் வேகத்தால் ஒரு சக்கரத்தைச் சுழற்றி, அதே ஷாப்டின் மறுமுனையில் உள்ள இன்னொரு சக்கரத்தைக் கொண்டு இஞ்சினுக்குள் காற்றை அழுத்திச் செலுத்துவதே அதன் சாரம். முதலில் கப்பல்களிலும் பெரிய இஞ்சின்களிலும் பயன்பட்ட அச்சாதனம், மாசு வரம்புகள் இறுக இறுக, சிறிய பிக்கப் வண்டிகளையும் வந்தடைந்தது. 1980களில் தொடங்கிய டர்போ எனர்ஜி என்ற சென்னை நிறுவனத்தின் தொழிற்சாலைகள் அதை இந்த நாட்டு வண்டிகளுக்குப் பெருவாரியாகச் செய்து தந்தன. காற்று மிகுந்ததால் கரும்புகை குறைந்தது. ஆனால் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும் அந்த ஷாப்ட், இஞ்சின் ஆயிலின் மெல்லிய படலத்தின் மேல் மிதந்தபடி சுழல்வது. அந்த ஆயில் தாங்கும் இடத்தை விட்டு நழுவினால், ஒரு புறம் காற்றோடு கலந்து இஞ்சினுக்குள்ளும், மறுபுறம் சூடான குழாய்க்குள்ளும் போய் நீலப்புகையாகிவிடும். கரும்புகைக்கு மருந்தாக வந்த சாதனம், நீலப்புகைக்கு ஒரு புதிய காரணமும் ஆயிற்று.

பழைய இஞ்சினில் நீலப்புகைக்குக் காரணம் பெரும்பாலும் இரண்டு: பிஸ்டன் ரிங்கும் சிலிண்டர் போரும் தேய்ந்திருக்கும், அல்லது வால்வு சீல் கெட்டிருக்கும். இப்போது மூன்றாவதாக டர்போ சேர்ந்துகொண்டது. மூன்றுக்கும் செலவு வெவ்வேறு. இஞ்சினை இறக்கி ரீபோர் செய்வதென்றால் வண்டிக்காரனுக்குச் சில மாத வருமானம் போய்விடும். ஆகவே தேர்ந்த உஸ்தாத் ஸ்பானரைத் தொடுமுன் விசாரணையில் இறங்குவார். “புகை எப்போது வருகிறது?” என்பது அவர் முதல் கேள்வி. இரவெல்லாம் நின்ற வண்டி காலையில் கிளம்பும்போது ஒரு வீச்சு நீலமாக வந்து நின்றுவிட்டால், இரவில் ஆயில் வால்வுத் தண்டு வழியே இறங்கியிருக்கிறது. பாரத்தோடு ஓடும்போதெல்லாம் தொடர்ந்து வந்தால் ரிங்கின் மேல் சந்தேகம் விழும். சிக்னலில் நெடுநேரம் நின்றுவிட்டு மிதிக்கும்போது மண்டிக்கொண்டு வந்தால், வால்வு சீலோடு டர்போவையும் சேர்த்து விசாரிக்க வேண்டும்.

பிறகு இஞ்சினை ஓடவிட்டு, ஆயில் ஊற்றும் வாயின் மூடியைக் கழற்றிக் கவிழ்த்து அதன் மேலேயே வைப்பார். மூடி அசையாமல் இருந்தால் ரிங் திடமாக இருக்கிறது. அது துள்ளி விழுந்து, வாயிலிருந்து புகை குபுகுபுவென்று வந்தால், எரிந்த வாயு ரிங்கைக் கடந்து கீழே இறங்குகிறது. அடுத்து ஏர் பில்டரைத் திறப்பார். மே, ஜூன் மாதங்களில் ராஜஸ்தானத்துப் புழுதியைச் சுமந்து வரும் டில்லியின் ஆந்திக் காற்று, பில்டரை வெகு சீக்கிரம் அடைத்துவிடும். அடைத்த பில்டருக்குப் பின்னால் உண்டாகும் இழுவிசை, குறையில்லாத டர்போவிலிருந்தும் ஆயிலை உறிஞ்ச வல்லது. அதன் பின்னரே டர்போவின் காற்று ஹோஸைக் கழற்றி, சக்கரத்தின் நடுவில் நிற்கும் ஷாப்டின் முனையை இரு விரல்களால் பிடித்து அசைத்துப் பார்ப்பார். ஆயில் படலத்தில் மிதக்க வேண்டிய ஷாப்டாதலால் பக்கவாட்டில் சிறிது பிளே இருப்பது இயல்பே. முன்னும் பின்னும் அசைவு விரலுக்குத் தட்டுப்பட்டால், அல்லது சக்கரத்தின் இதழ்கள் கூட்டில் உரசிய தடம் தெரிந்தால், அந்த டர்போவின் ஆயுள் முடிந்தது.

உஸ்தாதையும் சாமானியனையும் பிரித்துக் காட்டுவது இதற்கடுத்த படிதான். டர்போவில் ஆயிலைத் தடுக்கும் வளையங்கள் ரப்பர் சீல்களைப் போல இறுகப் பற்றுபவை அல்ல. இரு புறத்துக் காற்றழுத்தமும் நடுவிலுள்ள அழுத்தமும் ஒழுங்காக இருக்கும் வரையிலேயே அவை காக்கும். டர்போவிலிருந்து ஆயில் தன் எடையாலேயே இறங்கிக் கீழ்த் தொட்டிக்குத் திரும்ப வேண்டிய குழாய், கரி படிந்தோ, யாரோ தாராளமாக அப்பிய கேஸ்கட் பசை புகுந்தோ அடைத்திருந்தால், ஆயில் போக வழியின்றி இரு புறமும் பொங்கும். இஞ்சினின் மூச்சுக் குழாயான பிரீதர் அடைத்திருந்தாலும் இதே விளைவுதான். இவற்றைப் பாராமல் டர்போவை மாற்றினால், புதியதும் முதல் நாளிலிருந்தே கசியும். டர்போ அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரில் தேங்கிய பழைய ஆயிலைக் கழுவாமல் விட்டாலோ, வேலை சரியாக முடிந்த பிறகும் சில நாள் நீலப்புகை வந்து, செய்த வேலையின் மேல் வீண் பழி விழும். மாயாபுரியில் உடைக்கப்பட்ட வண்டிகளிலிருந்து கழற்றிய டர்போ குறைந்த விலைக்குக் கிடைக்கிறதென்று வாங்கி மாட்டியவர்கள், காரணம் அதே இடத்தில் இருந்ததால், ஒரே நோய்க்கு இரு முறை செலவழித்தார்கள்.

இதில் பணத்தைக் காட்டிலும் பெரிய அபாயமும் உண்டு. கசிந்த ஆயில் மிகுதியாக இஞ்சினுக்குள் போய்விட்டால், டீசல் இஞ்சின் தன் ஆயிலையே எரிபொருளாக்கிக்கொண்டு கட்டுக்கடங்காமல் ஓடத் தொடங்கும். அப்போது சாவியைத் திருப்பினாலும் அது நிற்காது. காற்று வரும் வழியை அடைத்தாலொழிய, தன்னை உடைத்துக்கொள்ளும் வரை ஓடும். வெறுங்கையால் அந்த வழியைப் பொத்துவது கையைப் பறிகொடுக்கும் காரியம். ஆகவேதான் நீலப்புகை கண்ட வண்டியை மேலும் ஓட்டாதே என்று உஸ்தாத்கள் சிஷ்யர்களுக்கு வற்புறுத்திச் சொன்னார்கள். நெடுந்தூரம் பாரத்தோடு வந்த வண்டியை ஒரு நிமிடம் சும்மா ஓடவிட்டு நிறுத்து, இல்லாவிட்டால் சூட்டில் ஆயில் கரியாகி டர்போவுக்குள் படியும் என்பதும் அவர்கள் உபதேசங்களுள் ஒன்று.

2015 ஏப்ரலில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், பத்து ஆண்டு கடந்த டீசல் வாகனங்கள் டில்லியில் ஓடலாகாது என்று உத்தரவிட, 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் அதை நடைமுறைப்படுத்தச் சொல்லிற்று. 2020 ஏப்ரல் முதல் விற்கப்படும் பி.எஸ். 6 மாசு வரம்புக்கு உட்பட்ட டீசல் வண்டிகளில் புகைக்குழாயிலேயே வடிகட்டி இருப்பதால், ஆயில் எரிந்தாலும் கண்ணுக்குத் தெரிவது குறைவு. எரிந்த ஆயிலின் சாம்பல் உள்ளே படிந்து வடிகட்டியை மெல்ல அடைத்துவிடுகிறது. கோளாறைச் சொல்ல ஸ்கேனர் வந்திருக்கிறது. ஆனால் காற்றழுத்தம் குறைகிறது என்று ஸ்கேனர் சொன்ன பிறகு, ஹோஸ் கிழிந்ததாலா, சக்கரம் தேய்ந்ததாலா, பில்டர் அடைத்ததாலா என்று தேடிக் கண்டுபிடிக்க வேண்டியவர் பழையபடி மனிதர்தான். லட்சணத்திலிருந்து காரணத்துக்குப் படிப்படியாகச் செல்லும் அந்த முறைக்கு இன்றும் மாற்றில்லை.

அந்த முறை இதுவரை பெரும்பாலும் குருவின் வாய்மொழியாகவே சிஷ்யனுக்கு வந்திருக்கிறது; உஸ்தாத்கள் ஓய்வு பெறும்போது அதுவும் அவர்களோடு போய்விடும். 1950 முதல் அரசு தொழிற்பயிற்சித் திட்டத்தை நடத்தி வருகிறது. டீசல் மெக்கானிக் என்ற பாடப் பிரிவும் அதில் உண்டு. அதன் வகுப்பறைக்குக் காஷ்மீரி கேட்டிலும் டிரான்ஸ்போர்ட் நகரிலும் முப்பது நாற்பது ஆண்டு உழைத்த மிஸ்திரிகளை ஆசிரியர்களாக அழைக்க வேண்டும்; அவர்கள் சொல்வதை எழுதிப் பாடமாக்க வேண்டும். வண்டி வைத்திருக்கும் அன்பர்களும், புகை வந்ததும் “எதை மாற்ற வேண்டும்?” என்று கேட்பதை விட்டு, “எதனால் வருகிறது?” என்று கேட்டு, அதற்குப் பதில் சொல்லத் தெரிந்தவரிடமே தங்கள் வண்டியை ஒப்படைக்க வேண்டும்.