முந்நூறும் இருநூற்றாறும்: ஆயுர்வேத எலும்புக் கணக்கின் வரலாறு

மனித உடலின் எலும்புகள் சரக சம்ஹிதையின்படி 360, சுசுருத சம்ஹிதையின்படி 300. இன்றைய உடற்கூற்றியலோ வளர்ந்தவர் உடலில் 206 என்கிறது. இவ்வேறுபாட்டைப் பழையோரின் அறியாமை என்று ஒதுக்குவோர் உண்டு. பிறந்த குழந்தைக்கு ஏறத்தாழ 300 எலும்புகள் இருப்பதைச் சுட்டி, சுசுருதர் அதையே கண்டறிந்தார் என்று பெருமை கொள்வோரும் உண்டு. அந்நூல்கள் எவற்றையெல்லாம் எலும்பு என எண்ணின என்பதை இரு சாராரும் பார்ப்பதில்லை.

சரகரின் கணக்கில் பற்கள் 32, அவை பதிந்த குழிகள் 32, நகங்கள் 20 ஆகியவை அடங்கும். விலாப் பகுதியில் 24 விலா எலும்புகளோடு, அவற்றின் பொருத்துக்குழிகளும் புடைப்புகளும் தனித்தனியே எண்ணப்பட்டு 72 ஆகின்றன. இக்கூடுதல்களைக் கழித்தாலே 360 என்பது 228 ஆகக் குறைந்துவிடும். சுசுருதர் நகங்களையும் பற்குழிகளையும் விட்டுவிட்டார். ஆயினும் எலும்புகளை ஐந்து வகையாகப் பிரித்தபோது பற்களை 'ருசகம்' என்றும், மூக்கு, காது முதலியவற்றின் குருத்தெலும்பை 'தருணம்' என்றும் சேர்த்துக்கொண்டார். பல் முளைத்த உடலின் கணக்கைப் பச்சிளங்குழந்தையின் கணக்காகக் கொள்வது பொருந்தாது.

360 என்னும் எண் மருத்துவத்தில் பிறந்ததன்று. வேத நூலான சதபத பிராமணம் அதை ஆண்டின் நாள்களோடு இணைத்துப் பேசுகிறது. வேதம் வல்லோர் 360 என்பர், அறுவை நூலிலோ 300 மட்டுமே என்று சுசுருத சம்ஹிதை வெளிப்படையாக வேறுபடுவது கவனிக்கத்தக்கது. 1907இல் வெளிவந்த ஆய்வில் ஹெர்ன்லே என்னும் அறிஞர் இப்பட்டியல்களை ஒவ்வோர் எலும்பாக நவீனக் கணக்கோடு ஒப்பிட்டார்.

சுசுருதரின் உடலாய்வு முறை இவ்வறிவின் வலிமையையும் எல்லையையும் ஒருசேர விளக்குகிறது. நஞ்சாலோ நெடுநாள் நோயாலோ இறவாத, உறுப்புக் குறையற்ற உடலைத் தேர்ந்து, குடலிலுள்ள மலத்தை நீக்கி, முஞ்சைப்புல், மரப்பட்டை, தர்ப்பை, சணல் போன்றவற்றால் சுற்றிக் கூண்டிலிட்டு, ஓடும் நீரில் மறைவிடத்தில் ஊறவைக்க வேண்டும். ஏழு இரவுகளுக்குப் பின் எடுத்து, வெட்டிவேர், மயிர், மூங்கில் முதலியவற்றாலான தூரிகையால் மெல்லத் தேய்த்துத் தோல் தொடங்கி அடுக்கடுக்காகக் காண வேண்டும். இதில் கத்திக்கு இடமில்லை. இம்முறையில் எலும்பும் மூட்டும் தெளிவாகத் தெரியும். மூளையும் நுண்குழாய்களும் அழுகிக் கரைந்துவிடும். 'தமனி' எனப்படும் குழாய்கள் 24உம் கொப்பூழில் தொடங்குகின்றன என்ற கருத்து, கருவின் கொப்பூழ்க்கொடியை வைத்து அமைந்த ஊகமாகலாம். இதயத்திலிருந்து இரத்தம் சுற்றிவருவதை ஆங்கில மருத்துவர் ஹார்வி 1628இல் நிறுவியதற்கு இணையான கருத்து இங்கு உருவாகவில்லை.

பிற்காலத்தில் உடலாய்வு வழக்கொழிய, எண்கள் மட்டும் மனப்பாடமாக எஞ்சின. 1836இல் கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் மனித உடலை அறுத்துக் காட்டிய மதுசூதன் குப்தர் ஆயுர்வேதம் பயின்ற வைத்தியர் என்பதும், சுசுருத சம்ஹிதையின் அச்சுப் பதிப்பில் பங்கேற்றவர் என்பதும், ஆங்கில உடற்கூற்று நூலொன்றைச் சமஸ்கிருதத்தில் பெயர்த்தவர் என்பதும் தற்செயல் அல்ல. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கணநாத சேனர் 'பிரத்யக்ஷ சாரீரம்' என்னும் நூலில், கண்ணால் கண்டதையே அளவுகோலாகக் கொண்டு நவீன உடற்கூற்றைச் சமஸ்கிருதக் கலைச்சொற்களில் எழுதினார். இன்று ஆயுர்வேதக் கல்லூரிகளின் 'ரசனா சாரீரம்' என்னும் பாடத்தில் மாணவர்கள் சுசுருதரின் 300ஐயும் படிக்கின்றனர். பதப்படுத்திய உடலைக் கத்தியால் அறுத்து 206ஐயும் அறிகின்றனர்.