வியன்னா: பட்டியல் அளக்காத வாடகை

வாழ்வதற்கு உகந்த நகரங்களின் வரிசையில் ஆஸ்திரியத் தலைநகர் வியன்னா இடம்பெறுவது வழமையாகிவிட்டது. எகனாமிஸ்ட் சஞ்சிகைக் குழுமத்தின் ஆய்வுப் பிரிவு வெளியிடும் வருடாந்தப் பட்டியலில் 2022 முதல் 2024 வரை அந்நகரமே முதலிடம் வகித்தது. 2025இல் கோபன்ஹேகன் அதனை முந்தியது.

அரசியல் ஸ்திரத்தன்மை, மருத்துவம், கல்வி, கலாசாரம், உட்கட்டமைப்பு போன்றவற்றை அளவிடும் இப்பட்டியல், வாழ்க்கைச் செலவைக் கணக்கில் எடுப்பதில்லை. வெளிநாடு செல்லும் ஊழியர்களுக்கு எவ்வளவு படி வழங்கலாம் என நிறுவனங்கள் தீர்மானிக்க உதவும் கருவி என்பதால் இதில் வியப்பில்லை. ஆனால், வியன்னாவின் சிறப்பு பெரிதும் வாடகையிலேயே தங்கியுள்ளது.

முதலாம் உலகப் போருக்குப் பின்னர் கடும் வீட்டுப் பஞ்சம் நிலவிய அந்நகரில், ஆட்சியிலிருந்த சமூக ஜனநாயகக் கட்சியினர் 1923இல் வீடமைப்பு வரியைக் கொண்டுவந்தனர். ஆடம்பர வீடுகளுக்கு அதிக வரி. தொழிலாளர் வீடுகளுக்குச் சொற்ப வரி. அந்நிதியின் துணையுடன் 1934க்குள் 60,000க்கும் அதிகமான குடியிருப்புகள் எழுந்தன. 1930இல் திறக்கப்பட்ட கார்ல் மார்க்ஸ் ஹோஃப் ஒரு கிலோமீட்டருக்கும் அதிக நீளமானது. சலவைக்கூடமும், மழலையர் பள்ளியும், நூலகமும் அதனுள்ளேயே இருந்தன. 1934 பிப்ரவரி உள்நாட்டு மோதலில் இராணுவம் அதன் மீது பீரங்கித் தாக்குதல் நடத்தியது.

இன்று நகர நிர்வாகத்திற்குச் சுமார் 220,000 வீடுகள் சொந்தம். மானியம் பெற்ற ஏனைய வீடுகளையும் சேர்த்தால், ஏறக்குறைய பாதி மக்கள் இவற்றில் வசிக்கின்றனர். நடுத்தர வர்க்கத்தினரும் இவற்றில் வாழ்வதால், இவை வறியவர்களுக்கென ஒதுக்கப்பட்ட இடங்களாகிவிடவில்லை.

குடியேறிகளுக்கு இக்கதவு உடனே திறப்பதில்லை. நகர நிர்வாகத்தின் வீடு கோருவோர் இரண்டு ஆண்டுகளேனும் அங்கு வசித்திருக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்திற்கு வெளியிலிருந்து வந்தவர்களிடம் நீண்டகால வதிவிட உரிமையோ அகதி அந்தஸ்தோ கேட்கப்படுகிறது. வாக்களிக்கும் வயதுடையோரில் மூன்றில் ஒரு பங்கிற்கும் மேற்பட்டோருக்கு ஆஸ்திரியக் குடியுரிமை இல்லை. இவ்வீடுகளின் நிலச்சுவான்தாரான நகர சபைக்கான தேர்தலில் அவர்களால் வாக்களிக்க முடியாது.